உழுந்துச் சக்கையும் நெய்க்கவளமும்

புறநானூற்றின் 299-ஆம் பாட்டு ஏழே அடிகளால் அமைந்தது. பாடியவர் பொன்முடியார். மகனைப் பெற்று வளர்த்தல் தாய்க்குக் கடன் எனத் தொடங்கும் பாட்டால் எல்லோரும் அறிந்த அதே புலவர்தாம். 299-ஆம் பாட்டின் துறை குதிரை மறம். பருத்தியை வேலியாகவுடைய சிற்றூர் மன்னனுடைய குதிரை உழுந்தின் சக்கையைத் தின்றது, நடை ஓய்ந்தது. அக்குதிரை, கடலைப் பிளந்து செல்லும் தோணிபோலப் பகைவர் படையைப் பிளந்து சென்றது. மருதநில ஊர்களையுடைய பெருவேந்தரின் குதிரைகளோ நெய்பெய்து மிதித்த கவளம் உண்டவை, பிடரிமயிர் கத்தரிக்கப்பெற்றவை, மாலை அணிந்தவை. அவை முருகன் கோட்டத்தில் கலம் தொடாத மகளிரைப் போல ஒதுங்கி நின்றன.

வகுப்பறையில் இப்பாட்டுக்குச் சொல்லப்படும் பொருள் பெரும்பாலும் ஒன்றே. வறியவனிடத்து வீரம் உண்டு, செல்வன் கோழை என்பர். இறுதி உவமை வந்ததும் ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். புறநானூற்றின் பழைய உரை 266-ஆம் பாட்டோடு நின்றுவிட்டபடியால், இப்பாட்டிற்குப் பழைய உரையின் துணையும் இல்லை. ஔவை சு. துரைசாமிப் பிள்ளை போன்ற பிற்கால உரையாசிரியர்களின் உழைப்பே நமக்கு வழிகாட்டி.

ஆனால் பாட்டின் பொருள் மன்னரைப் பற்றியதன்று. குதிரை மறம் என்பது குதிரையின் மறமேயாம். இரண்டு அரசரையும் புலவர் இரண்டு அடைமொழிகளில் முடித்துவிடுகிறார். எஞ்சியவை யாவும் குதிரைகளுக்கே. எது தின்றது, எப்படி நடந்தது, பிடரி எப்படி இருந்தது என்பனவே அங்குள்ள செய்திகள். குதிரையை உருவகமாக மட்டும் கொண்டவர் கொட்டிலுக்குள் சென்று தீனித்தொட்டியை எட்டிப் பார்த்திருக்கமாட்டார். பொன்முடியார் பார்த்திருக்கிறார்.

உலு திராமில் படிக்கும் பிள்ளை குதிரையை எங்கே காண்கிறான்? ஜொகூர் அரச குடும்பத்தார் போலோ ஆட்டத்திற் பேர் பெற்றவர்கள். ஆயினும் அக்குதிரைகள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டாதவை. அவன் நெருங்கிக் கண்டது கோயிலில் மதுரை வீரன் ஏறியிருக்கும் சுதைக் குதிரைதான். அது தின்பதுமில்லை, நோயுறுவதுமில்லை. அக்குதிரையை மனத்தில் வைத்துக்கொண்டு இப்பாட்டைப் படிப்பவனுக்கு உழுந்துச் சக்கையும் நெய்க்கவளமும் ஏழைமை, செல்வம் என்பவற்றின் அடையாளங்களாகவே தோன்றும். ஆசிரியருக்கும் பெரும்பாலும் அப்படியே தோன்றுகிறது என்பதுதான் குறை.

உண்மையில் அவை தீனிகள். குதிரையின் குடல் நாருணவுக்கென்று அமைந்தது. மாவுச்சத்து மிகுந்த தீனியை அளவு மீறித் தின்று, ஓட்டமின்றிக் கட்டுத்தறியிலேயே நிற்கும் குதிரைக்கு வயிற்றுவலியும் குளம்பழற்சியும் வரும் என்பது இன்றைய கால்நடை மருத்துவர் யாவரும் அறிந்தது. குளம்பு நொந்த குதிரை முன்காலை ஊன்ற அஞ்சி, உடலைப் பின்னே சாய்த்து நிற்கும், அதட்டினாலும் முன்வராது. நிலத்தையும் நோக்குக. பருத்தி வேலி என்றதனால் சிற்றூர் மன்னனுடையது நீர் தேங்காத நிலம் எனலாம். பெருவேந்தருடையதோ வயலும் சேறும். ஈரத்தில் ஊறிய குளம்பு உறுதி இழக்கும். மழை ஓயாத ஜொகூர் மண்ணில் குதிரை கட்டி வளர்ப்போருக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பிற்காலச் சான்று ஒன்றும் இவ்விடத்துக்குப் பொருந்தும். பொன்முடியார் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பின்னர், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து வந்த குதிரைகளைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். அந்நாட்டு அரசர் ஐவரும் ஆளுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கினராம். ஆண்டு முடிவில் 100 கூட எஞ்சுவதில்லையாம். பேணத் தெரியாமையே காரணம் என்றும், சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் கொடுத்தனர் என்றும் அவர் கூறுகிறார். சற்றுப் பின்னர் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயிட்ட தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்ததாகவும், கொழுக்கவேண்டி நாற்பது நாள் முளையில் கட்டிவைத்துப் பின் பழக்காமலே ஏறி ஓட்டியதாகவும் எழுதுகிறார். ஆண்டுக்கு 1,400 குதிரைகள், தலைக்கு 220 தினார் விலை. வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் பணம் தந்தான்!

இவ்வெண்களை அப்படியே நம்பவேண்டுவதில்லை. வழிப்போக்கர் மிகைபடக் கூறுவர். வெப்பமும் புது நிலத்து நோய்களும் கொன்றவற்றையும் இவர்கள் பேணாமையின் கணக்கிலேயே எழுதியிருக்கலாம். எனினும் நெய்யிட்ட தீனி என்ற ஒரு செய்தி, தொடர்பே இல்லாத இருவேறு காலத்துச் சான்றுகளில் ஒத்து நிற்கிறது. (வாதவூரர் வரவழைத்த குதிரைகள் இரவோடிரவாக நரிகளான கதையைக் கேட்ட பாண்டி நாட்டார், காலையில் கொட்டிலைத் திறந்து திடுக்கிட்ட அனுபவம் பல உடையவராயிருந்திருக்கக்கூடும்.)

இனி, ஆசிரியர்கள் தாவிச் செல்லும் அந்த உவமை. கலம் தொடா மகளிர் என்பது மாதவிலக்கு நாட்களில் வழிபாட்டுக் கலங்களைத் தொடாது விலகி நிற்கும் பெண்களைக் குறிக்கும். கோழைமையைச் சொல்வதுதான் நோக்கமெனில், புலியைக் கண்ட மான் என்றோ பருந்தைக் கண்ட கோழிக்குஞ்சு என்றோ சொல்லியிருக்கலாம். அவற்றுக்குச் சங்கப் புலவரிடத்துப் பஞ்சமில்லை. பொன்முடியாரைப் பெண்பாற் புலவர் என்றே கொள்வர். அவர் தேர்ந்தெடுத்த மகளிர் கோழையர் அல்லர். உடலின் நிலை காரணமாக அன்று அவர்கள் நெருங்குவதில்லை, அவ்வளவே. அவ்வாறே அக்குதிரைகளும் மனத்தால் அன்றி உடலால் தடுக்கப்பட்டு நின்றன என்று கொள்ளின், முன் கூறிய தீனியும் பின் வந்த உவமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கோழைக் குதிரை என்று கொண்டாலோ, நெய்க்கவளம் வெறும் அலங்காரமாய்விடும்.

அணங்குடை முருகன் என்றிருப்பதால் அச்சமும் உண்டே என்பது நேர்மையான மறுப்பு. அச்சம் உண்டுதான். ஆயின் அதுவும் தன் உடல்நிலை அறிந்து அஞ்சும் அச்சமே. நலமாயிருக்கும் நாளில் அம்மகளிர் அதே கோட்டத்துள் சென்று கலம் தொடுவர்.

பழந்தமிழர் கால்நடை மருத்துவம் முழுதும் அறிந்திருந்தனர் என்று இதிலிருந்து முழக்குவாரும் உண்டு. பாட்டு அதற்கு இடந்தரவில்லை. குளம்பழற்சி என்ற நோயைப் பொன்முடியார் சொல்லவில்லை. கண்ட காட்சியைச் சொன்னார். வறுமைத் தீனியை அவர் புகழ்ந்ததாகவும் கொள்ளற்க. உழுந்துச் சக்கை தின்ற குதிரைக்கு அவர் கொடுத்த அடைமொழி ஓய்நடை என்பது. அது களைத்த குதிரைதான். படையைப் பிளந்து செல்லுமுன்பே அதனைச் சொல்லிவிட்டார்.