கோழி வேஷம் போட்ட காலிஃப்ளவர்

அமெரிக்கக் கால்பந்து, கணக்குப்படி 60 நிமிட ஆட்டம். ஆனால், டி.வி. முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மூன்றரை மணி நேரம் ஆகிவிடும். நிறுத்தி நிறுத்தி ஆடுவார்கள். நடுவே விளம்பரம். இடைவேளையில் பெரிய பாட்டுக் கச்சேரி. இத்தனை நேரமும் பார்க்கிறவர்கள் என்ன செய்வார்கள்? சாப்பிடுவார்கள். அதுவும் இறுதிப் போட்டியான 'சூப்பர் பௌல்' நடக்கும் பிப்ரவரி ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். 1967-ல் தொடங்கிய அந்தப் போட்டி, அங்கே இன்றைக்குக் கிட்டத்தட்ட ஒரு பண்டிகை. பண்டிகை என்றால் பட்சணம் உண்டே!

அந்தப் பட்சணங்களில் ராஜா, 'பஃபலோ விங்ஸ்'. எருமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், 'ஆங்கர் பார்' என்ற கடையில் 1964-ல் பிறந்ததாகச் சொல்கிறார்கள். கோழி இறக்கையைப் பொரித்து, வெண்ணெயும் மிளகாய் சாஸும் கலந்து புரட்டித் தருவது. கூடவே செலரித் தண்டு, தொட்டுக்கொள்ள ப்ளூ சீஸ்.

சைவ விருந்தாளி என்ன செய்வார்? தண்டைக் கடிக்கலாம். சீஸைத் தொடுவதற்கு முன் யோசிக்கணும். பாலை உறைய வைக்க, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் 'ரென்னட்' சேர்த்த சீஸ்கள் உண்டு. நம்மூர் பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பிரிக்கிறோமே, அப்படியொரு கட்டாயக் குறி அங்கே சட்டத்தில் கிடையாது.

இவர்களுக்காகத்தான் வருஷா வருஷம், 'ஆரோக்கியமான சைவ நொறுக்ஸ்' என்று அங்கே பட்டியல் போடுகிறார்கள். அதில் தவறாமல் இடம்பிடிப்பது 'காலிஃப்ளவர் விங்ஸ்'. என் புகார் இதன் மேல்தான்.

காலிஃப்ளவரை மாவில் தோய்த்து, பொரித்தோ சுட்டோ எடுத்து, அதே வெண்ணெய் சாஸில் புரட்டுகிறார்கள். நமக்கு இது புதுசா என்ன? கோபி 65-க்கு ஒன்றுவிட்ட தம்பி! ருசியாக இருக்கும், அதில் சண்டையில்லை. ஆனால், 'ஆரோக்கியம்' என்ற பட்டம் எதற்கு? வரவு செலவு பார்த்துவிடலாம். 100 கிராம் காலிஃப்ளவரில் சுமார் 25 கலோரி, 2 கிராம் புரதம். மாவும் எண்ணெயும் வெண்ணெயும் ஏற ஏற, கலோரி எகிறுகிறது. புரதம் பெரிதாக நகர்வதில்லை. கோழியில் இருந்த உருப்படியான விஷயமே புரதம்தான். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் காப்பியடித்தால் எப்படி? பாதி ஆட்டத்திலேயே பசி எடுத்து, சிப்ஸ் பக்கம் கை போகும்.

வேடிக்கை என்னவென்றால், வேஷம் போடாத சைவம் அதே மேஜையில் இருக்கிறது. கறுப்பு பீன்ஸ், சால்ஸா, குவாகமோலே, ஹம்மஸ். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 160 கலோரி, 9 கிராம் புரதம், 7 கிராம் நார்ச்சத்து. அதை எள் விழுதும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்தால் ஹம்மஸ். அரைக்காமல் தாளித்தால் சுண்டல். அவ்வளவுதான் வித்தியாசம். இதில் வில்லன், அள்ளுவதற்கு வைக்கும் சோள சிப்ஸ். 100 கிராமுக்கு ஏறக்குறைய 500 கலோரி, உப்பு தனி. வெள்ளரி, கேரட் துண்டுகளால் அள்ளினால் பிரச்னை தீர்ந்தது.

இன்னொரு அறிவுரையும் பிரபலம்: 'சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். குறைவாகச் சாப்பிடுவார்கள்.' பின்னாளில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பிரையன் வான்சிங்க், ஒரு சூப்பர் பௌல் பார்ட்டியில் மாணவர்களைச் சோதித்ததாக 2005-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார். 2018-ல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அசல் தகவல்கள் கையில் இல்லாததால், முடிவு சரிதான் என்று உறுதி சொல்ல கார்னெலால் முடியவில்லை. சின்னக் கிண்ணம் வைப்பதில் தப்பில்லை. ஆனால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் கிண்ணத்தின் சைஸை அளப்பதும், காலிஃப்ளவருக்குக் கோழி வேஷம் போடுவதும் ஒரே ஜாதி. இரண்டுமே வெளித்தோற்றத்தில்தான் நிற்கின்றன.

நீங்கள் சூப்பர் பௌல் பார்க்காதவராக இருக்கலாம். ஐ.பி.எல். பார்ப்பீர்கள் இல்லையா? ராத்திரி ஏழரைக்கு ஆரம்பித்துப் பதினொரு மணி வரைக்கும் அதே சோபா, அதே கை. 'பேக்டு', 'மல்டிகிரெய்ன்' என்று பாக்கெட்டின் முன்பக்கம் கூவும். நீங்கள் பின்பக்கத்தைப் படியுங்கள். எந்தப் பொருள் அதிகமோ அதைத்தான் முதலில் போடவேண்டும் என்பது விதி. நீங்கள் நம்பி வாங்கிய தானியத்துக்கு முன்னால் எண்ணெய் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தால், பாக்கெட்டைக் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

மேட்ச் அன்றைக்குக் காலையில் ஓர் ஆழாக்கு கொண்டைக்கடலையை ஊறப்போடுங்கள். டாஸ் போடும்போது குக்கர் விசில் அடித்தால் சரி.