அழுத்தம் போகும் வழி

பழைய பிக்கப் வண்டி ஒன்றின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துப் புதுப்பிப்பவரின் திறமையை அளக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அவருடைய கையைத்தான் பார்க்கிறார்கள். ஸ்னாப் ரிங்கை எப்படி எடுக்கிறார், சீலின் உதடு மடங்காமல் பிஸ்டனை எப்படி உட்கார வைக்கிறார், வால்வுகளை எவ்வளவு சுத்தமாகக் கழுவுகிறார் என்பதெல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அவருடைய தேர்ச்சி அதற்கு முன்பே, வாங்க வேண்டிய பாகங்களை எழுதும் தாளில் வெளிப்பட்டுவிடுகிறது என்பது என் கட்சி. கருகியதை எடுத்துவிட்டு அதைவிடப் பலமானதை வாங்கும் பட்டியல் ஒரு வகை. பம்பிலிருந்து கிளட்ச் வரை ஆயில் அழுத்தம் போகும் வழியில் எந்த இடத்தில் அது தொலைந்தது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் மட்டும் தாராளமாகச் செலவழித்து, மற்ற இடங்களில் கையைக் கட்டிக்கொள்ளும் பட்டியல் இன்னொரு வகை. இரண்டாவதுதான் ரசிக்கத் தக்கது. வண்டியின் ஆயுளும் அதில்தான் இருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-ஈ போல இன்னொரு கியர்பாக்ஸ் கிடைப்பது அரிது. 1982 மாடல் வண்டிகளில் டர்போ ஹைட்ராமேட்டிக் 700ஆர்4 என்ற பெயரில் வந்து, 1990-இல் 4எல்60 ஆகி, 1993-இல் கணினிக் கட்டுப்பாடு சேர்ந்து 4எல்60-ஈ ஆன வம்சம் அது. 1999 மாடலாக வந்த ஷெவ்ரோலே சில்வராடோ 1500 உட்பட எண்ணற்ற அமெரிக்க பிக்கப்களின் அடியில் இருந்ததால், அதன் ஒவ்வொரு பலவீனமும் அந்த நாட்டு மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி. முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63, மூன்றாவது நேர் இணைப்பு, நான்காவது 0.70. முதல் இரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தைக் கவனிக்க வேண்டும். இன்ஜின் 4,000 சுற்றில் இருக்கும்போது இரண்டாவது விழுந்தால், சுற்று சுமார் 2,130-க்கு இறங்கியாக வேண்டும். அந்த வேகத்தையெல்லாம் ஒரு ஒற்றைப் பேண்டு, டிரம்மைச் சுற்றி இறுகி, நொடிப்பொழுதில் அடக்குகிறது. தாராளமான முதல் கியர் சுமை இழுப்பவர்களுக்குப் பிடித்தது. அதற்கான விலையைப் பேண்டு கொடுக்கிறது.

பேண்டைவிடவும் பேர் போனது 3-4 கிளட்ச். மூன்றாவது கியரில் இன்ஜினின் முறுக்குவிசையை ஃபார்வர்டு கிளட்சும் 3-4 கிளட்சும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நான்காவதுக்குப் போனதும் ஃபார்வர்டு பக்கத்திலுள்ள, ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஸ்பிராக் தானே விலகிச் சுழல, முழுச் சுமையும் 3-4 கிளட்சின் தலையில் விழுகிறது. டிரெய்லரைக் கட்டிக்கொண்டு நான்காவதிலேயே மலையேறும் வண்டிகளில் இது முதலில் கருகுவதற்குக் காரணம் அதுதான். பிரித்துப் பார்த்தவர் கண்ணில் படுவது கரியாகிப்போன தட்டுகள். உடனே வரும் எண்ணம், இன்னும் அதிகத் தட்டுகள் போடலாம் என்பது. வி8 வண்டிகளில் பொதுவாக ஆறு உராய்வுத் தட்டுகள் இருக்கும். பின்னால் வந்த 4எல்65-ஈயில் ஏழு. ஒரு கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை, உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, அழுத்தும் விசை, சராசரி ஆரம், உராய்வுக் கெழு ஆகிய நான்கின் பெருக்கம். டிரம்மின் அளவு மாறாததால் ஆரம் மாறாது. ஆறை ஏழாக்கினால் தாங்குதிறன் ஆறில் ஒரு பங்கு கூடும். இது உண்மையான ஆதாயம். அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: அழுத்தும் விசை ஏழில் ஒரு பங்கு குறைந்தால் அந்த ஆதாயம் முழுவதும் போய்விடும். தேய்ந்த கியர்பாக்ஸில் அவ்வளவு இழப்பு ஏற்பட, ஷாஃப்டைத் தாங்கும் ஒரு புஷ் தேய்ந்தாலே போதும்.

தட்டைக் கூட்டுவதில் ஒளிந்திருக்கும் இன்னொரு செலவும் உண்டு. டிரம்முக்குள் இருக்கும் உயரம் ஒன்றுதான். ஒரு தட்டு கூடுதலாக நுழைய வேண்டுமானால் இடையிலுள்ள ஸ்டீல் தட்டுகள் மெலிய வேண்டும். கிளட்ச் பிடிக்கும் கணத்தில் எழும் சூட்டை உறிஞ்சிக்கொள்வது அந்த ஸ்டீல்தான். கனமான தோசைக்கல் சூட்டை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு மாவைப் பதமாக வேகவைக்கும். மெல்லிய கல் அதே நெருப்பில் மாவைத் தீய்த்துவிடும். மெலிந்த ஸ்டீலும் அப்படித்தான். ரேபெஸ்டாஸ் நிறுவனத்தின் இசட்-பேக் இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த வழி என்னை மிகவும் கவர்ந்தது. வழக்கமான உராய்வுத் தட்டில் இருபுறமும் தாள் ஒட்டியிருப்பதால் நடுவிலுள்ள இரும்புக்குச் சூடு எளிதில் போய்ச் சேராது. அந்த இரும்பு சூடு தாங்கும் வேலையில் பங்கெடுப்பதே இல்லை. இசட்-பேக்கில் எல்லாத் தட்டுகளுக்கும் ஒரு பக்கம் தாள், மறுபக்கம் வெறும் இரும்பு. ஒவ்வொரு தட்டும் பிடிக்கவும் செய்கிறது, சூட்டை வாங்கவும் செய்கிறது. அதே உயரத்துக்குள் இரண்டு தேவைகளையும் சமாதானப்படுத்திய வடிவமைப்பு அது. ஆனாலும் தினசரி ஓட்டத்துக்கும் மிதமான சுமைக்கும், தரமான ஆறு தட்டுகளும் முழுப் பருமன் ஸ்டீலும், சுமார் ஒரு மில்லிமீட்டருக்குச் சரிபார்த்த இடைவெளியும் போதும் என்பதே என் முடிவு. பட்டியலின் கனம் விழ வேண்டிய இடம் வேறு.

அந்த இடங்கள் சிறியவை, மலிவானவை, படத்தில் போட்டால் அழகாக இராதவை. 3-4 கிளட்ச் இருக்கும் இன்புட் டிரம்மில் ஒரு சிறு குண்டு, தன் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கிளட்ச் விடுபடும்போது, சுழற்சியால் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் ஆயில் வெளியேற அது வழி விட வேண்டும். கிளட்ச் பிடிக்கும்போது இறுக்கமாக அடைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கூடு தளர்ந்தாலோ இருக்கை தேய்ந்தாலோ, மூன்றாவது கியரில் அழுத்தம் கசிந்துகொண்டே இருக்கும். தட்டு வழுக்கும், கருகும். புதுத் தட்டு போட்டாலும் அதே கதை. டர்பைன் ஷாஃப்டின் மேல் இருக்கும் நான்கு டெஃப்லான் வளையங்கள் அடுத்தது. ஒவ்வொரு கிளட்சுக்கும் போகும் ஆயில் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பவை அவை. வெட்டில்லாத முழு வளையம் நன்றாக அடைக்கும். ஆனால் அதை விரித்து ஏற்றியபின் கருவி கொண்டு மறுபடி அளவுக்குச் சுருக்க வேண்டும். சாய்வெட்டு வளையம் விரலாலேயே ஏறிவிடும், வெட்டு வழியே சற்றுக் கசியும். கருவி கையில் இருப்பவர் முழு வளையம் வாங்குவதும், இல்லாதவர் சாய்வெட்டு வாங்குவதும் இரண்டுமே சரி. கருவி இல்லாமல் முழு வளையம் வாங்குவதுதான் தவறு. இவை உரசிச் சுழலும் ஸ்டேட்டர் சப்போர்ட்டின் புஷ் தேய்ந்திருந்தால், எந்த வளையமும் நிலைக்காது. ஷாஃப்ட் ஆடும், வளையம் ஒரு பக்கமாகத் தேயும். பேரிங் பெட்டியோடு புஷ் பெட்டியையும் சேர்த்து எழுதியிருக்கும் பட்டியலைப் பார்த்தால் அதை எழுதியவர்மேல் எனக்கு மரியாதை பிறக்கிறது.

பம்புக்குள் இருக்கும் பூஸ்ட் வால்வும் இதே ரகம்தான். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, கணினி சொலினாய்டு வழியாக ஒரு சமிக்ஞை அழுத்தத்தை அனுப்பும். பூஸ்ட் வால்வு அதை வாங்கி முதன்மை அழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கும். அதன் உறை தேய்ந்தால், சுமை கூடும்போது கூட வேண்டிய அழுத்தம் கூடாது. இது ஓட்டுபவருக்குத் தெரியாமலேயே நடக்கும் கேடு. வால்வு பாடியில் டார்க் கன்வெர்ட்டர் கிளட்சைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வால்வின் கதையும் அதை ஒத்தது. 1990-களின் நடுவில், கன்வெர்ட்டர் கிளட்ச் மெதுவாகப் பிடிக்கட்டும் என்று சொலினாய்டை நொடிக்குப் பலமுறை துடிக்கவைக்கும் முறை வந்தது. வால்வும் சேர்ந்து துடித்துத் துடித்து, அது ஓடும் அலுமினியத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்தது. பி1870 என்ற பிழைக் குறியீட்டோடு வரும் பிக்கப்களில் பலவற்றில் கோளாறின் மூலக் காரணம் அந்தத் துளைதான். அங்கே புது சொலினாய்டு வாங்குவதால் பயனில்லை. துளையை ரீமரால் பெரிதாக்கி, சோனாக்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்யும் பெரிய அளவு வால்வை இறக்க வேண்டும், அல்லது சரிசெய்த வால்வு பாடியை வாங்க வேண்டும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லாவற்றிலும் பலமானதையே போட்டுவிட்டால் எந்தக் கவலையும் இல்லையே, பணம் இருப்பவர் ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். பலம் ஓரிடத்தில் கூடினால் அதிர்ச்சி அடுத்த இடத்துக்கு நகரும் என்பதே பதில். கியர் சட்டென்று அடித்து விழ வேண்டும் என்று, கியர் மாறும் அதிர்ச்சியைத் தணிக்கும் அக்யுமுலேட்டரை முடக்கி, அழுத்தத்தையும் எல்லை மீறி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளட்ச் தப்பிக்கும், பம்பின் வளையம் உடையும், இன்புட் டிரம் விரியும், ஸ்பிராக் அடி வாங்கும். அளவோடு செய்வதற்குச் சரியான உதாரணம் கார்வெட் சர்வோ. பேண்டை இறுக்கும் இரண்டாம் கியர் பிஸ்டனின் பரப்பு அதில் பெரிது. அதே ஆயில் அழுத்தத்தில் பேண்டு விரைவாகவும் உறுதியாகவும் பிடிக்கிறது. கியர்பாக்ஸ் முழுவதற்கும் அழுத்தத்தை ஏற்றாமல், முன்னே சொன்ன 3.06-1.63 பள்ளம் இருக்கும் அந்த ஒரே இடத்தில் விசையைக் கூட்டும் பாகம். ஜெனரல் மோட்டார்ஸே செய்தது, விலையும் குறைவு. இந்தக் கியர்பாக்ஸுக்கான பாகங்களில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

பலமானதை வாங்கியே தீர வேண்டிய இடமும் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. சன் ஷெல் என்ற இரும்புக் கிண்ணம் ரிவர்ஸ் டிரம்மையும் பின்பக்கச் சன் கியரையும் இணைக்கிறது. அதன் கழுத்து விரிசல்விட்டாலோ பற்கள் மழுங்கினாலோ இரண்டாவது, நான்காவது, ரிவர்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் போகும்; முதலாவதும் மூன்றாவதும் மட்டும் மிஞ்சும். இங்கே அழுத்தத்தைக் குறை சொல்ல முடியாது, உலோகமே போதவில்லை. கடினமாக்கிய ஷெல்லைச் சேர்க்காமல் 4எல்60-ஈயை மூடுவது, எல்லாப் பாகங்களையும் வெளியே எடுத்த உழைப்பை அவமதிப்பதாகும். ஐந்து பினியன் பிளானட்டரி அப்படியல்ல. 4எல்65-ஈயிலிருந்து எடுத்துப் போடலாம், நல்ல பாகம்தான். ஆனால் மாற்றம் செய்யாத இன்ஜினுக்கு, பற்களும் ஊசிகளும் நலமாக இருக்கும் பழைய நான்கு பினியனே தாங்கும். தேயாத அசல் பாகத்தைக் கழுவி மறுபடி வைப்பதைக் கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெயர் தெரியாத புதுப் பாகத்தைவிட, பல ஆண்டு ஓடியும் அளவு மாறாத தொழிற்சாலைப் பாகத்தின் தரம் நிரூபணமானது.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, புதுப்பித்துக் கட்டிய முழு கியர்பாக்ஸே உத்தரவாதத்தோடு கிடைக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வண்டி நின்றால் அன்றைய வேலை நின்றுபோகும் ஒருவருக்கு அதுவே சரி. நல்ல நிறுவனம் கட்டியதென்றால் அதற்குள்ளும் இதே பட்டியல்தான் இருக்கும். ஆனால் யாருக்கோ கட்டிய பொதுப் பட்டியலுக்கு இந்த வண்டியின் வரலாறு தெரியாது. கழற்றுவதற்கு முன்பே பிரஷர் கேஜை மாட்டி, நிற்கும்போதும் மிதிக்கும்போதும் முதன்மை அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பவர், வழிகளில் காற்றைச் செலுத்தி எந்தப் பிஸ்டன் கசிகிறது என்று கேட்பவர், அந்த ஒரு வண்டிக்கான பட்டியலை எழுதுகிறார். மலையேற்றச் சுமையால் கருகிய 3-4 கிளட்சும் குண்டுக் கூடு கசிந்து கருகிய 3-4 கிளட்சும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். வாங்க வேண்டியவை வேறு.

அதனால்தான் கியர்பாக்ஸின் உடலுக்கு வெளியே இருக்கும் இரண்டு பொருள்களையும் பட்டியலில் தேடுகிறேன். ஒன்று கன்வெர்ட்டர். கருகிய கிளட்சின் தூள் அதற்குள் தங்கியிருக்கும். கழுவினால் முழுவதும் வராது. வெட்டித் திறந்து உள்ளே புதுப்பித்த கன்வெர்ட்டர் வேண்டும், அதுவும் தொழிற்சாலை ஸ்டால் வேகத்தை ஒட்டியதாக. பந்தயத்துக்கான உயர் ஸ்டால் கன்வெர்ட்டர் சுமை இழுக்கும் பிக்கப்பில் வழுக்கி வழுக்கிச் சூட்டைத்தான் தயாரிக்கும். இன்னொன்று கூலர். ரேடியேட்டருக்குள் இருக்கும் மெல்லிய வழிகளில் உலோகத்துகள் ஒளிந்துகொண்டால், புது கியர்பாக்ஸின் முதல் ஆயிலே அதைத் திருப்பிக் கொண்டுவந்து உள்ளே சேர்க்கும். இரு திசையிலும் கழுவி, ஆயில் ஓட்டத்தின் அளவைச் சோதித்து, சந்தேகம் இருந்தால் புதிது வாங்க வேண்டும். டிரெய்லர் இழுக்கும் வண்டியென்றால் முன்பக்கம் காற்றுப் படும்படி தனி கூலர் ஒன்றும் சேர வேண்டும். அதற்கான பணம் போதவில்லையென்றால், ஏழாவது தட்டை விட்டுவிட்டு கூலரை வாங்கலாம்.