இருவர் பொருத காட்சி: திரைத் தொழில்நுட்பமும் பொருளும்

போர்க்கலைத் திரைப்படங்கள் ஆராய்ச்சிக்கு உரியன அல்ல என ஒதுக்குவார் உளர். அடிதடி கண்ணுக்கு விருந்தாகுமேயன்றிக் கருத்திற்கு உணவாகாது என்பது அவர்தம் எண்ணம். பல படங்களைப் பொறுத்தவரை இக்கருத்து உண்மையே. எனினும், எல்லாச் சண்டைக் காட்சிகளையும் ஒரே துலாக்கோலில் இட்டு நிறுத்தல் முறையன்று. புரூஸ் லீ தாமே எழுதி, இயக்கி, நடித்து, 1972-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் வெளிவந்த ‘வே ஆஃப் தி டிராகன்’ என்னும் படத்தின் இறுதிப் போரை ஈண்டு ஆராய்வோம். அக்காட்சியில் தொழில்நுட்பம் பொருளுக்கு அணியாக நில்லாது, பொருளை ஆக்குவதாகவே அமைகின்றது என்பது நம் துணிபு.

கதை எளியது. ரோம் நகரில் சீனர் நடத்தும் உணவு விடுதி ஒன்றனைக் கவர முயல்கின்றது ஒரு கும்பல். விடுதியைக் காக்க ஹாங்காங்கிலிருந்து வருகின்றான் டாங் லுங். அவனை வீழ்த்தக் கோல்ட் என்னும் அமெரிக்கக் கராத்தே வீரனை வரவழைக்கின்றனர் பகைவர். அவ்வேடம் புனைந்த சக் நாரிஸ் கராத்தேப் போட்டிகளில் வென்ற உண்மை வீரர். இருவரும் எதிர்ப்படும் இடம் கொலோசியம். பண்டை ரோமானியர் மனிதரை மனிதரோடு பொரவிட்டு மகிழ்ந்த அரங்கு அது. மேல் வளைவில் நின்று கோல்ட் பெருவிரலைக் கீழ்நோக்கிக் காட்டும்போது அப்பழமை முழுவதும் நம் நினைவிற்கு வருகின்றது.

முதற்கண் நோக்கத் தக்கது காமிராவின் தொலைவு. போர் தொடங்குமுன் இருவரும் மேலாடை களைந்து, உடல் முறுக்கி, மூட்டுகளைத் தளர்த்துகின்றனர். ஒரு சொல்லும் இல்லை. விரைவை விரும்பும் இயக்குநர் இதனை வெட்டி எறிந்திருப்பர். இங்கோ, இருவர்க்கும் ஒத்த காலமும் ஒத்த இடமும் அளிக்கப்படுகின்றன. போரிலும் இருவர் உடலும் தலை முதல் கால் வரை ஒரே சட்டகத்துள் அமையும் காட்சிகள் மிகுதி. அடித்தவனும் அடிபட்டவனும் ஒருங்கே தோன்றுதலின், வித்தை படத்தொகுப்பினால் புனையப்பட்டதன்று என்னும் நம்பிக்கை பிறக்கின்றது. அதனினும் சிறந்த பயன் ஒன்று உண்டு. பகைவன் இழிந்தவன் அல்லன், நிகரானவன் என்பதைச் சொல்லின்றியே சட்டகம் உணர்த்திவிடுகின்றது.

அடுத்து, காலம். முதற்பகுதியில் டாங் லுங் மீண்டும் மீண்டும் வீழ்கின்றான். பின்னர் அவன் கால்கள் நிலைத்த நிற்றலை விடுத்து ஆடத் தொடங்குகின்றன. அந்நிலையில் இயக்கம் மெதுவாக்கப்படுகின்றது. கோல்ட் வீசும் அடிகள் வெற்றிடத்தைத் தாக்குவதை நாம் தெளிவுறக் காண்கின்றோம். வெற்றியின் காரணம் வலிமை அன்று, வடிவத்தைக் கைவிடும் துணிவே என்பது இம்மெதுவியக்கத்தால் விளங்குகின்றது. லீ வகுத்த ஜீத் குன் டோ என்னும் முறையின் உள்ளுறையும் இதுவே. கட்டுரையால் விளக்க வேண்டிய ஒரு கொள்கை இங்குக் கண்ணாற் கற்கப்படுகின்றது.

போரைக் காண்போர் எவர்? பூனைக்குட்டி ஒன்றே. காட்சியினிடையே அக்குட்டியின் படம் வெட்டி ஒட்டப்படுகின்றது. ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரித்த அரங்கில் ஆரவாரம் இல்லை, புகழ்வாரும் இல்லை. பொருதும் இருவர்க்கும் தம் திறனே சான்று.

கோல்டின் கையும் காலும் முறிந்தபின் காட்சி திசை திரும்புகின்றது. அவன் எழ முயல்கின்றான். டாங் லுங் ‘வேண்டா’ எனத் தலையசைக்கின்றான். ஈண்டுக் காமிரா முகங்களை அணுகுகின்றது. உடல்களைக் காட்டிய கருவி உள்ளங்களைக் காட்டத் தொடங்குகின்றது. கோல்ட் பணியவில்லை, கழுத்து முறிந்து இறக்கின்றான். வென்றவன் அவனுடைய மேலாடையையும் கறுப்புக் கச்சையையும் உடல்மேல் இட்டு மண்டியிடுகின்றான். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலின் சொற்களாற் கூறின், தறுகண் பற்றிய பெருமிதமாகத் தொடங்கியது இழவு பற்றிய அழுகையாக முடிகின்றது எனலாம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. பகைவன் மார்பு மயிரைப் பறித்து ஊதும் நகைச்செயல் காட்சியின் பெருமைக்கு ஒவ்வாது. பூனைக்குட்டியும் வேண்டியதினும் மிகுதியாக வருகின்றது. மெதுவியக்கம் டாங் லுங்கின் ஏற்றத்திற்கே பெரிதும் பயன்படுதலின், முன்பு நடுநின்ற காமிரா ஒருபால் சாய்கின்றது என ஒருவர் தடை நிகழ்த்தலாம். அத்தடை வலிமையுடையதே. ஆயினும், இறுதியில் பிணத்தின்முன் காட்சி தாழ்த்தும் அமைதி அச்சாய்வை நேர்செய்கின்றது என்பது நம் கருத்து.

இக்காட்சியின் கதையை மட்டும் எழுதிக் காட்டின், ‘ஒருவன் ஒருவனைக் கொன்றான்’ என்பதற்கு மேல் ஒன்றும் எஞ்சாது. கொன்றவன் ஏன் மண்டியிட்டான் என்பதை நமக்கு உணர்த்துவன தொலைவும், காலமும், வெட்டும், அமைதியுமே. செய்யுளின் பொருளை யாப்பினின்று பிரித்து ஓதலாகாது என்று கற்றவர்கள் நாம். திரையையும் அவ்வாறே பயிலுதல் வேண்டும். யார் வென்றார் என்று வினவுவதோடு அமையாது, அவ்வெற்றியை எத்தொலைவில் நிறுத்தி நமக்குக் காட்டினர் என்றும் வினவுதல் திறனாய்வாளர் கடன்.