கதினா நிறைக்கும் கை

நாஞ்சில் நாட்டை அடுத்து மேற்கே கிடக்கும் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில், மாசி, பங்குனி மாதத்துக் கோவில் கொடைகளுக்குப் போய் வந்தவர்கள், தீபாராதனை வேளையில் மேளத்தின் முழக்கத்தையும் மீறி எழும் கதினா வெடியைக் கேட்டிருப்பார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் அதன் உரத்த சப்தத்தைத்தான் புகழ்வார்கள். ஆனால், பல ஆண்டுகள் காதைப் பழக்கிய ரசிகன், வரிசையாக நாட்டிய கதினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கையில், முதல் வெடியின் கனமும் கடைசி வெடியின் கனமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையே உற்றுக் கேட்பான். அந்தச் சமத்துவம், கொளுத்துகிறவனுடைய துணிச்சலால் வருவதன்று. ஒரு மணி கூடாமலும் ஒரு மணி குறையாமலும் மருந்தை நிறைக்கும் கையின் சிரத்தையால் வருவது.

கதினா என்பது குட்டையான ஓர் இரும்புக் குழல், அடிப்பக்கத்தில் தீ வைக்கச் சிறு துளை, உள்ளே கரிமருந்து, அதன்மேல் செங்கற்பொடியை இட்டு இறுக்கிய அடைப்பு. பார்வைக்கு இத்தனை எளிதான இக்கருவியை நிறைப்பதில் எத்தனை சூக்ஷ்மங்கள் அடங்கியிருக்கின்றன என்பதை, இத்தொழிலில் முதிர்ந்த ஒரு பெரியவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்த போதுதான் நான் அறிந்துகொண்டேன். நாலு முழப் பருத்தி வேட்டி மட்டும் உடுத்தி, வெறுங்காலோடு ஈர மண்ணில் குந்தியிருந்த அவர், மருந்தைத் தொடுமுன் இரண்டு கைகளாலும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அளப்பதற்கு ஓர் இளைஞன் நீட்டிய பிளாஸ்டிக் கிண்ணத்தை விலக்கிவிட்டு, வழவழப்பாகத் தேய்ந்த ஒரு சிரட்டையை எடுத்தார். “அதிலெ மருந்து ஒட்டும்பா, அளவு தெத்திப் போவும்” என்றார். இளைஞன் தன் கிண்ணத்தில் சிறிது மருந்தை வாங்கிக் கவிழ்த்துக் காட்டியபோது, கவிழ்த்த பின்னும் கரிய துகள்கள் அதன் உட்சுவரைப் பற்றிக்கொண்டு, விழ மனமில்லாதவைபோல் நின்றதை நான் பிரத்தியக்ஷமாகக் கண்டேன். சிரட்டையிலோ ஒரு துகளும் மிஞ்சவில்லை.

ஒட்டவைத்தது உரசலில் பிறக்கும் நிலைமின்சாரம். பனிக்கால இரவில் பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று கேட்பது அதுவேதான். உடம்பில் ஏறிய மின்னழுத்தம் ஏறக்குறைய 3000 வோல்ட்டைத் தாண்டினால்தான் அதன் பொறியை விரல் உணர்கிறது. அதற்குக் குறைந்தவை நமக்குத் தெரியாமலே வந்து போகின்றன. காற்றின் ஈரம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொருள்களின்மீது நீரின் மெல்லிய படலம் படிந்து, ஏறிய மின்சாரம் அதன் வழியே கசிந்துவிடுகிறது; காற்று வறண்டால் அது போக்கிடமின்றித் தங்கிவிடுகிறது. கரி ஓரளவு மின்சாரத்தைக் கடத்துமாதலால், அலுமினியத் தூள் கலந்த மருந்தைப்போலக் கரிமருந்து இத்தகைய சிறு பொறிக்கு எளிதில் பற்றுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் அதை நம்பி அசட்டையாக இருப்பவன் இத்தொழிலுக்கு உரியவனல்லன். பெரியவருடைய பருத்தியும், வெறுங்காலும், ஈர மண்ணும், தரையைத் தொட்ட வணக்கமும், பக்தியும் பௌதிகமும் பிரிக்கவொண்ணாதபடி இசைந்த ஓர் அனுஷ்டானம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மருந்தை மதித்துக் கையாளும் இந்த ஒழுக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1741 ஆகஸ்டு 10 அன்று குளச்சல் போரில் டச்சுக்காரர் தோற்ற பின், சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் சேவையில் அமர்ந்து, தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்தார். பீரங்கி வார்க்கும் உலையும் அங்கே இயங்கியது. 1777-இல் மறைந்த அவருடைய கல்லறை இன்றும் கோட்டைக்குள்ளே இருக்கிறது. இரும்பு இரும்போடு உரசினால் பொறி பறக்கும் என்று அஞ்சி, மருந்தை அள்ளச் செப்பு அகப்பையையும், கிடங்குகளுக்குச் செம்பாணியையும் மர ஆணியையும் கையாண்டது அக்காலத்து ஐரோப்பியப் பீரங்கி வித்தை. கண்ணுக்குத் தெரிந்த பொறிக்கு அவர்கள் செய்த காப்பைத்தான், கண்ணுக்குத் தெரியாத பொறிக்குச் சிரட்டை செய்கிறது.

மருந்து ஒட்டும் தொல்லை கரிமருந்தோடு நின்றுவிடவில்லை. 1884-இல் பிரான்சு தேசத்துப் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டார். 1903-இல் அவ்வகை மருந்துக்கென நீலகிரியில் அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் துப்பாக்கிப் பயிற்சிக்காரர்கள் தாங்களே மீண்டும் நிறைத்துக்கொள்ளும் நாடுகளில், இம்மருந்தை அளக்கும் கருவியின் பிளாஸ்டிக் கூம்பில் மருந்து மணிகள் ஒட்டிக்கொண்டு, ஒரு தோட்டாவில் குறைந்து, அடுத்ததில் கூடி விழும் தொல்லை இன்றும் உண்டு. கூம்பின் உட்புறத்தில் பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட்டைத் தூளாக்கிப் பூசுவதும், கருவியைக் கம்பியால் பூமியோடு இணைப்பதும், அறையில் ஈரத்தைக் காப்பதும் அவர்களுடைய உபாயங்கள். ஒரே நியதிக்கு இரண்டு தேசங்களின் கைகள் கண்ட விடைகள் இவை.

இயற்கையும் நமக்கு ஓரளவு அநுகூலமாயிருக்கிறது. இரண்டு பருவமழையும் பெறும் இப்பகுதியின் காற்றில் ஈரம் அதிகம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் பணகுடிப் பக்கம் போனால் வறட்சி தொடங்கிவிடும். ஆனால் கொடைகள் நிகழும் மாசி மாதமோ இங்கும் மழை அருகிய காலம். ஆகவே காற்றின் தயவை நம்பாமல் கையின் ஜாக்கிரதையை நம்புவதே முறை. 2016 ஏப்ரல் 10 அன்று கொல்லம் மாவட்டத்துப் பரவூர்ப் புற்றிங்கல் கோவிலில், குவித்து வைத்த வெடிகளில் பொறி விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நாம் மறக்கலாகாது. யாருடைய வெடி பெரிது என்ற போட்டியில் ரசனை புகுந்துவிட்டால், நிதானம் வெளியேறிவிடுகிறது.

எனவே, கொடைக் கமிட்டியார் கதினாக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை வெடி, எவ்வளவு சப்தம் என்று கேட்பதற்கு முன், எப்படி அளக்கிறார், என்ன உடுத்துகிறார், மருந்தை எங்கே வைக்கிறார் என்று கேட்பார்களாக. வெடிகள் சமமாக ஒலித்தால், நிறைத்தவரைத் தேடிச் சென்று ஒரு வார்த்தை பாராட்டிவிட்டு வருவது ரசிகனுடைய கடமை. அந்தப் பாராட்டு கிடைக்கும் வரையில்தான் இக்கலை சிரத்தையுள்ள கைகளில் தங்கியிருக்கும்.