தகரத்துக்குள் ஒரு கச்சேரி

ஜீப் வகை வண்டிக்குள் பாட்டுக்குப் போட்டி அதிகம். கான்வாஸ் கூரை காற்றில் படபடக்கும், அகன்ற டயர்கள் உறுமும், கதவுத் தகரம் தாளம் தப்பி அதிரும். அதனால் நல்ல மெக்கானிக் ஸ்டீரியோ வேலையைக் கதவிலிருந்தே தொடங்குகிறார். உள்தகரத்தை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, அதிர்வை அடக்கும் பியூட்டைல் ஷீட்டை ஒட்டி, சிறு ரோலரால் பொறுமையாக அழுத்தி உருட்டுகிறார். ஷீட்டின் அலுமினிய மேற்பரப்பிலுள்ள புடைப்புகள் மழுங்கும்வரை கை ஓய்வதில்லை. பிறகு விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால், ‘டங்’கென்ற கதவு ‘தொப்’பென்கிறது. கேட்க அத்தனை நிறைவான சத்தம் அது.

மழையும் சேறும் தாராளமாக உள்ளே வரும் வண்டி. அதனால் காகிதக் கூம்பைவிடப் பாலிபுரொப்பிலீன் கூம்புள்ள ஸ்பீக்கரே நின்று உழைக்கும். 2020-இல் வந்த மஹிந்திரா தாரில் ஸ்பீக்கர்கள் கூரையில் இருப்பதால் ஓடைத் தண்ணீருக்கு எட்டாமல், காதுக்கருகே இசை இறங்குகிறது. கைத்திறன் முழுவதும் தெரிவது வயரில்தான்: ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் வயரில் பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ், தகரத் துளையில் ரப்பர் வளையம், தகரத்தில் உரசிக் கிறீச்சிடாதபடி நெடுகச் சுற்றிய துணி டேப். அப்புறம் கல்லும் குழியுமான பாதையில் வண்டி குலுங்கும்போதும் மிருதங்கத்தின் தொப்பி கும்மென்று, பிசிறில்லாமல் கேட்கிறது.