கார்டீலியா எதன் குறியீடு?

ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தை ஆராய்வோர் அதன் மாந்தரைக் குறியீடுகளாகக் காண்பது வழக்கம். கொனெரிலும் ரீகனும் நன்றிகேட்டின் உருவங்கள். கண்ணிழந்தபின் உண்மையைக் காணும் குளோஸ்டர், அகவிருள் நீங்கிய மனிதனின் அடையாளம். தன்னைத் தள்ளிய தந்தையை மன்னித்துத் தேடிவரும் கார்டீலியாவோ கிறிஸ்துவின் சாயல் என்பர். போதகராகிய நமக்கு இவ்விளக்கம் இனிது. ஆயினும் இது போதுமா?

1606ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் அரசவையில் நடிக்கப்பெற்ற இந்நாடகத்தின் இறுதியில், மகளின் சடலத்தைத் தந்தை சுமந்து வருகிறான். இம்முடிவை மாற்றி, 1681இல் நாகும் டேட் என்பார் கார்டீலியாவை உயிர்பிழைக்கச் செய்து, எட்கருக்கு மணமகளும் ஆக்கினார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆங்கில மேடையில் அத்திருத்தமே கோலோச்சியது.

கார்டீலியாவைக் கிறிஸ்துவின் சாயல் என்று மட்டும் கூறி ஆறுதலடைவோரும் டேட் செய்ததையே செய்கின்றனர். சிலுவைக்கு அப்பால் உயிர்த்தெழுதல் உண்டு. நாடகத்திலோ, இறகு அசைகிறதென்று எண்ணி லியர் ஏமாறுகிறான். மேலும், முதற்காட்சியில் அவள் அளந்து பேசிய சொற்களில் உண்மையுடன் தந்தையின் பிடிவாதமும் கலந்துள்ளது. அவள் லியரின் மகளே.

ஆகவே நாடக மாந்தர் முதலாவது மனிதர். அதன் பின்னரே குறியீடுகள். பிள்ளையை இழந்த வீட்டிற்குச் செல்லும் ஆயர், விளக்கங்கூற விரையாமல் அத்துயரின் அருகே மௌனமாய் நிற்கக் கற்பாராயின், இந்நாடகத்தை அவர் நன்கு பயின்றவராவார்.