வாசற்படி வரை வந்த தூரிகை

இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் பகுதியில் ஒரு சொத்து நிறுவனத்துக்காக வீடுவீடாகக் கதவைத் தட்டி வாடகை வசூலித்தவர் எல்.எஸ். லவுரி. 1910-இல் சேர்ந்து 1952-இல் ஓய்வு பெறும்வரை பகலில் வசூல், இரவில் எண்ணெய் வண்ண ஓவியம். புகழ் வந்த பிறகும் அந்த வேலையைப் பற்றி வெளியே மூச்சுவிட மாட்டார். பொழுதுபோக்குக்கு வரைகிற ஆள் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம். ஆனால் அவர் மறைத்த அந்த வேலையில்தான் அவருடைய கலையின் பலமும் பலவீனமும் இருக்கின்றன.

லவுரி தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. கையிருப்பு கரைந்ததால் 1909-இல் குடும்பத்தோடு ஆலைகள் சூழ்ந்த பென்டில்பரிக்குக் குடிபெயர்ந்தவர். முதலில் அந்த ஊர் அவருக்குப் பிடிக்கவே இல்லை. சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் ரயிலைத் தவறவிட்டு நின்றபோது, எதிரே அக்மி நூற்பாலையும் அதிலிருந்து வெளியேறும் கூட்டமும் கண்ணில் பட்டன. தன் பாதை அங்கேதான் தொடங்கியது என்று பின்னாளில் சொல்லிவந்தார்.

வசூலுக்குப் போகிற வழியில் பழைய கடித உறையின் பின்பக்கத்தில் கோடு கிழித்துக்கொள்வார். ராத்திரி அவற்றையெல்லாம் கலந்து, ஓரிடத்துத் தேவாலயத்தையும் இன்னோரிடத்துப் புகைபோக்கியையும் சேர்த்து, எந்த ஊரிலும் இல்லாத ஒரு தெருவைக் கட்டுவார். வண்ணம் ஐந்தே: கறுப்பு, வெர்மிலியன் சிவப்பு, பிரஷ்யன் நீலம், மஞ்சள் காவி, ஈய வெள்ளை. ஆரம்பப் படங்கள் இருண்டிருப்பதை விமர்சகர் பெர்னார்ட் டெய்லர் சுட்டிக்காட்டிய பிறகு, பின்னணியை வெள்ளையாக்கினார். அந்த வெள்ளை காலப்போக்கில் எப்படிப் பழுக்கும் என்று பார்க்க, பலகையில் பூசி ஆண்டுக்கணக்கில் மூடிவைத்துச் சோதித்தார். அடோல்ஃப் வாலெட் என்ற பிரெஞ்சு ஓவியரிடம் முறையாகப் பயின்றவரும்கூட. 'படிக்காத மேதை' என்ற பேச்சு இங்கே செல்லாது.

இந்த முறையின் பலம் கூட்டத்தைக் கையாள்வதில் தெரிகிறது. 1953-இல் வரைந்த 'ஆட்டம் பார்க்கப் போதல்' படத்தில் போல்டன் கால்பந்து மைதானத்தை நோக்கி நாலாபக்கமும் இருந்து ஆட்கள் போகிறார்கள். எல்லோர் உடலும் முன்னே சாய்ந்திருக்கிறது, எதிர்க்காற்றில் நடப்பதுபோல. தரையில் நிழல் கிடையாது. வெள்ளைமேல் கறுப்புக் குச்சிகளாக நிற்கும் அத்தனை பேருக்கும் ஒரே அவசரம். ஆனாலும் ஒருவர் நடை இன்னொருவருக்கு இல்லை. 1926-இல் வரைந்த 'ஒரு விபத்து' இன்னும் கூர்மையானது. கூடி நிற்கிறவர்களின் முதுகுகள்தான் தெரிகின்றன. நடந்தது என்ன என்பதை அவை மறைத்துவிடுகின்றன. அடுத்த வீட்டுத் துயரத்தைத் தெரு எப்படிப் பார்க்கிறது என்பதை, கதவு கதவாக ஏறி இறங்கியவரால்தான் இப்படிக் காட்ட முடியும்.

குறைக்கு வருவோம். அவர் வரைந்த ஆட்கள் தீக்குச்சி மனிதர்கள் என்ற கேலி மேம்போக்கானது. லவுரிக்கு முகம் வரையத் தெரியாது என்றால், 1938-இல் வரைந்த 'சிவந்த கண்களுடைய மனிதன்' அதைப் பொய்யாக்கும். படுக்கையில் கிடந்த தாயைக் கவனித்துக்கொண்டிருந்த நாட்களில் தன் முகத்தையே பார்த்துத் தொடங்கிய படம் அது. சிக்கல் இங்கேதான். தன் வேதனைக்கு ஒரு முழு முகத்தை ஒதுக்கிய ஓவியர், ஆலைத் தொழிலாளிக்கு அதை அநேகமாகக் கொடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய குறை, தொழிலாளரை வரைந்தவரின் படங்களில் உழைப்பு அரிதாக இருப்பது. வேலைக்குப் போகிறார்கள், வேலை விட்டு வருகிறார்கள். வேலை செய்வதைக் காணோம். 1943-இல் போர்க்கால ஓவியக் குழு கேட்டு வரைந்ததன் பெயரே 'வேலைக்குப் போதல்'. மேதர் அண்ட் பிளாட் எந்திர ஆலைக்குள் கூட்டம் நுழைகிறது. ஓவியர் வெளியிலேயே நின்றுகொள்கிறார். மாஞ்செஸ்டர் ஓவியக் கூடத்தில் இருக்கும் ஃபோர்டு மேடாக்ஸ் பிரவுனின் 'வேலை' என்ற பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அதில் மண்வெட்டியோடு தெருவைத் தோண்டுகிறவர்களின் தசையும் முகமும் நடுநாயகமாக நிற்கின்றன. லவுரியிடம் நூல் இழுக்கும் கையும் இல்லை, எந்திர இரைச்சலும் இல்லை.

வாடகை வசூலிக்க வந்தவருக்கு வாசல் வரைதான் இடம். அந்த எல்லையை அவர் தூரிகையும் தாண்டவில்லை. உள்ளே போனதாகப் பாசாங்கு செய்யாதது நேர்மை என்று சிலர் வாதிடலாம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதி, ஒரே சூத்திரம் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்தது. அவருக்கே சலித்து, பிற்காலத்தில் ஆளில்லாத கடலையும் தனி ஆட்களையும் வரையப் போனார். தெருவை வரைந்தவர்களில் லவுரி முதல் வரிசை. உழைப்பை வரைந்தவர் என்று அவரைக் கொண்டாடுவது மிகை.

'ஆட்டம் பார்க்கப் போதல்' 2022-இல் சுமார் 78 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. வாங்கியது மாஞ்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் அவர் பெயரிலேயே உள்ள கலைக்கூடம். அவர் வரைந்த மாதிரியான வரிசை வீடுகளில் ஏராளமானவை அதே சால்ஃபோர்டில் 1960-களிலேயே இடிக்கப்பட்டுவிட்டன.